எட்கர் தர்ஸ்டன்

எட்கர் தர்ஸ்டன் (1855 – அக்டோபர் 12, 1935) சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய ஆங்கிலேயர் ஆவார். தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்று தமிழில் அறியப்படும் ஏழு தொகுதி நூலின் ஆசிரியர் என்ற முறையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் அந்நூல் இவர் பணியின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதற்கு முன்னர் இவர் தென்னிந்தியத் தங்க, வெள்ளி, செப்பு நாணயங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டவர்; தூத்துக்குடி முத்துக்குளிப்பையும் மன்னார் வளைகுடாவின் கடல்வாழ் உயிரினங்களையும் நேரிற் கண்டு பதிவு செய்தவர்.

இளமை

தர்ஸ்டன் இலண்டனை அடுத்த கியூ என்னுமிடத்தில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். மருத்துவம் கற்று 1877இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். கென்ட் மாகாணத்தின் மனநல மருத்துவமனையொன்றில் சிறிது காலம் பணி செய்தபின், தாம் பயின்ற கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகப் பொறுப்பாளரானார். நாணயவியலிலோ மானிடவியலிலோ இவருக்கு முறையான பயிற்சி இருந்ததில்லை.

சென்னை அருங்காட்சியகத்தில்

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் ஒரு மருத்துவர். தர்ஸ்டனுக்கு முன்னிருந்த ஜார்ஜ் பிடியும் மருத்துவரே. தாவரவியலில் ஈடுபாடு மிக்க அவர், தென்னிந்திய வராகன்களைப் பற்றி 1883இல் ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். தர்ஸ்டனுக்குப் பின்வந்த ஜே. ஆர். ஹென்டர்சன் ஒரு விலங்கியலாளர். அவர் ஹைதர் அலி, திப்பு சுல்தான் நாணயங்களைப் பற்றிய நூலை 1921இல் வெளியிட்டார். பூச்சியையும் மீனையும் இனம் பிரித்துப் பெயரிடப் பழகியவர்களின் கையிலேயே தென்னிந்திய நாணயவியல் நெடுங்காலம் வளர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தர்ஸ்டன் 1885இல் பொறுப்பேற்றபோது எழும்பூர் பாந்தியன் வளாகத்தில் பாறைகள், பாடம் செய்த விலங்குகள், அமராவதிச் சிற்பங்கள், நாணயங்கள் யாவும் ஒரே கண்காணிப்பாளரின் மேற்பார்வையில் இருந்தன. நாணயங்களுக்கு அச்சிட்ட பட்டியல் தேவைப்பட்டது. இவர் அப்பணியை விரைந்து மேற்கொண்டார். மைசூர் நாணயங்களின் பட்டியல் 1888இல் முதல் எண்ணாக வெளிவந்தது. அதே ஆண்டில் உரோம, இந்தோ-போர்த்துக்கேய, இலங்கை நாணயங்களின் பட்டியலும், 1889இல் தில்லி சுல்தான்களின் நாணயப் பட்டியலும் வந்தன. கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சிப்பகுதிகளின் நாணய வரலாறு என்னும் பெருநூல் 1890இல் வெளிவந்தது.

நாணய வகைப்பாடு

பழைய நாணயம் ஒவ்வொன்றும் இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்து அடிக்கப்பட்டது. கீழச்சு ஒரு கட்டையில் பதிக்கப்பட்டிருக்கும்; மேலச்சைக் கையிற் பிடித்துச் சுத்தியலால் அடிப்பர். அச்சு இரும்பாலோ எஃகாலோ ஆனது, கையால் செதுக்கப்பட்டது. சில ஆயிரம் அடிகளில் அது தேயும் அல்லது வெடிக்கும். உடனே புதிய அச்சு செதுக்கப்படும். செதுக்குபவர் பழையதைப் பார்த்தே செதுக்கினாலும் ஒரு புள்ளி கூடும், ஓர் எழுத்தின் கால் நீளும், தெய்வ உருவத்தின் கை சற்று இறங்கும். இவ்வாறு ஒரே மதிப்பும் ஒரே எடையும் கொண்ட நாணயத்தில் தோன்றும் சிறு மாற்றங்களே அச்சு வேறுபாடுகள் எனப்படுகின்றன. இவற்றைக் கொண்டு எந்த நாணயம் முன்னது, எது பின்னது, எவை ஒரே அக்கசாலையில் அடிக்கப்பட்டவை என்பதைக் கணிக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்ககாலத் தங்க நாணயங்களைச் சேகரிப்போர் இதே முறையில் நட்சத்திரங்களின் எண்ணிக்கையையும் எண்களின் இடைவெளியையும் பார்த்து அரிய வகைகளைப் பிரிப்பர்.

தென்னிந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கு மிகவும் ஏற்ற தங்க நாணயம் வராகன். ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள இச்சிறு நாணயத்தை விசயநகர மன்னர் தொடங்கிப் பாளையக்காரர், நவாபு, ஐரோப்பியக் கம்பனிகள் எனப் பலரும் அச்சிட்டனர். சென்னையில் ஆங்கிலேயர் அச்சிட்டவற்றுள் மூன்று சுவாமி வராகனில் தேவியர் இருவருடன் திருமால் உருவம் காணப்படும். நட்சத்திர வராகனில் ஒரு புறம் தெய்வ உருவமும், மறுபுறம் மணல் தூவியது போன்ற புள்ளிகளின் நடுவே ஐந்து முனை நட்சத்திரமும் இருக்கும். பறங்கிப்பேட்டை வராகன் எனப்பட்ட வகையை டச்சுக்காரரும் தம் அக்கசாலைகளில் அச்சிட்டனர். படிக்கத்தக்க ஆண்டோ மன்னன் பெயரோ இல்லாத இந்நாணயங்களை, உருவ வேறுபாடு ஒன்றைக் கொண்டே பிரித்தறிய இயலும். ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு என்பது சென்னைக் கணக்கு. கம்பனி தன் கணக்குகளை 1818 வரை வராகனிலேயே எழுதியது; அவ்வாண்டு முதல் ரூபாய் அடிப்படை நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என மாற்று வீதம் வகுக்கப்பட்டது.

1807ஐ ஒட்டிச் சென்னை அக்கசாலையில் இயந்திரங்கள் வந்தபின் அச்சிடப்பட்ட நாணயங்களில் ஒரு கோபுரமும் அதன் இருபுறமும் நட்சத்திரங்களும் இடம்பெற்றன, மறுபுறம் திருமால். மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. தங்கத்தில் இரண்டு வராகன், ஒரு வராகன் ஆகியனவும், வெள்ளியில் அரை, கால் வராகன்களும் வெளிவந்தன. இவற்றில் நட்சத்திரங்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு வேறுபடுவதால் சேகரிப்போர் இன்றும் அவற்றை எண்ணிப் பார்க்கின்றனர். வெள்ளி அரை வராகன்கள் பல, அமெரிக்கச் சுரங்க வெள்ளியாலான ஸ்பானிய டாலர் நாணயங்களின் மீதே மறு அச்சாக அடிக்கப்பட்டவை. சில நாணயங்களில் கோபுரத்தின் அடியில் பழைய ஸ்பானிய எழுத்துகளின் சாயல் தெரியும். சென்னையின் தங்கசாலைத் தெரு இந்த அக்கசாலையின் பெயரைத் தாங்கியது.

மைசூர்ப் பட்டியலில் வரும் நாணயங்கள் வேறு வகையான சிக்கல் கொண்டவை. ஹைதர் அலி தமக்கு முன்னிருந்த இக்கேரி நாயக்கரின் வராகனில் இருந்த சிவன் பார்வதி உருவத்தை மாற்றவில்லை. மறுபுறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். திப்பு சுல்தான் உருவங்களை நீக்கினார். இவர் புதிய ஆண்டுமுறையொன்றை ஏற்படுத்தி, அவ்வாண்டு எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். நாணயங்களுக்கும் ஊர்களுக்கும் புதுப்பெயர் இட்டார். இதை அறியாதவருக்கு அந்நாணயங்களின் காலம் தலைகீழாகவே தோன்றும்.

புதையல்களும் உருக்குலையும்

நாணயங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும் முதன்மையான வழி 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் ஆகும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருவோர் எவரும் இல்லையெனில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்துக்கு உரியவருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு விரும்பினால் உலோகத்தின் மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தவருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

சட்டம் இவ்வாறிருந்தும் கிணறு தோண்டும்போதோ ஏர் உழும்போதோ கிடைத்த பொன் பெரும்பாலும் ஆட்சியரிடம் போகவில்லை, தட்டாரிடமே போயிற்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்சியர் அலுவலகத்தின் மனு, விசாரணை, காத்திருப்பு ஆகியவற்றைவிடத் தட்டாரின் உலை அண்மையில் இருந்தது. அவர் அன்றே பணம் கொடுத்தார். கேரளத்தில் கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் 1847இல் சுமைகணக்கில் கிடைத்த உரோமப் பொற்காசுகள் பெரும்பாலும் சிதறிப்போயின. திருவாங்கூர் மன்னரிடம் சேர்ந்தவற்றை மட்டும் இராபர்ட் கால்டுவெல் ஆராய்ந்து 1851இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். புதுக்கோட்டைச் சமத்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் ஆராய்ந்தார். மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய கோடு இருந்தது. நாணயமாகச் செல்லாதென்றும் வெறும் பொன்னாகவே கொள்ளப்பட வேண்டுமென்றும் காட்டவே வெட்டப்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

இச்சூழலில் தர்ஸ்டனின் பட்டியல்கள் பெற்ற மதிப்பு எளிதில் விளங்கும். ஒரு நாணயத்தின் உலோகம், எடை, முன்புறம், பின்புறம் ஆகியவற்றை அச்சிட்டு வைத்துவிட்டால், அந்நாணயம் பின்னர் காணாமற் போனாலும் அதன் செய்தி எஞ்சும். எனினும் இன்றைய நாணயவியலின் பார்வையில் அக்கால முறையில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரு புதையலிலிருந்து வகைக்கு ஒன்றிரண்டு தெரிந்தெடுக்கப்பட்டு, ஒரே மாதிரியானவை எனக் கருதப்பட்ட எஞ்சியவை பிற அருங்காட்சியகங்களுக்குப் பகிரப்பட்டன, அல்லது விற்கப்பட்டன. அச்சு ஒப்பீட்டுக்கு அந்த ஒரே மாதிரியானவையே தேவை. நூறு நாணயங்களில் எத்தனை அச்சுகள் பயன்பட்டன என்று எண்ணினால்தான் ஓர் அக்கசாலை எவ்வளவு நாணயம் அடித்தது என மதிப்பிட முடியும். அவ்வாய்ப்பு பல புதையல்களில் நிரந்தரமாக இழக்கப்பட்டது.

தூத்துக்குடியும் முத்துக்குளிப்பும்

தர்ஸ்டனின் நாணயப் பட்டியல்களில் வரும் ஆட்சியாளர் பலர் தூத்துக்குடிக் கரையோடு தொடர்புடையவர்கள். பாண்டியரின் துறைமுகமான கொற்கை, தாமிரபரணியின் வண்டலால் கடலைவிட்டு இன்று சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதனருகே அக்கசாலை என்றே பெயர்கொண்ட ஓர் இடம் உண்டு. பாண்டியரின் நாணயச்சாலை அங்கிருந்ததன் அடையாளமாக இப்பெயரைக் கால்டுவெல் கொண்டார். உரோமப் பொன் இக்கரைக்கு வந்ததற்கு முத்து ஒரு முதன்மையான காரணம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்தனர். 1535ஐ அடுத்த சில ஆண்டுகளில் பரதவர் கத்தோலிக்கராயினர். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. ஒவ்வோர் ஆட்சியும் முத்துச்சலாபத்தின் வருவாயைத் தன் தன் நாணயத்தில் கணக்கிட்டது.

1889இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றபோது தர்ஸ்டன் அங்கு சென்றார். சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி முதிர்ந்திருப்பதை ஆய்ந்து உறுதி செய்த பின்னரே அரசு அறிவிக்கும். இடையிற் பல ஆண்டுகள் வெறுமையாகக் கழியும். விடியுமுன் படகுகள் கரைக்காற்றில் புறப்பட்டுப் பாரை அடையும். இரண்டு குளியாளுக்கு ஒரு கல் என்பது முறை. ஒருவர் கல்லின் கயிற்றில் கால் வைத்து இறங்க, மற்றவர் மேலே இளைப்பாறுவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் இட்டு மேலே வருவர். சுறா வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிக்கும் பிடிபட்ட சிப்பிகளில் உரிமை இருந்தது. பரதவரின் சாதித் தலைவருக்கும் மரபான பங்கு உண்டு.

கரையில் கொட்டு எனப்படும் வேலியிட்ட கொட்டகையில் சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். ஒன்று குளியாளுக்கு, இரண்டு அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என அன்று மாலையே ஏலம் விடப்படும். வாங்குபவர் எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறதென அறியாமலே விலை கூறுவார். பின்னர் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். அந்நாட்களில் ஊரெங்கும் நாற்றமும் ஈக்களும் நிறைந்திருக்கும்.

தர்ஸ்டன் தாம் கண்டவற்றை 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பு பற்றிய நூலாக வெளியிட்டார். 1894இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியக வெளியீட்டு வரிசையின் முதல் இதழும் இப்பொருள் பற்றியதே. வங்காளத்தில் வளையல் அறுப்பதற்காகச் சங்கு பெருமளவில் ஏற்றுமதியானது. ஆயிரக்கணக்கான இடம்புரிச் சங்குகளிடையே எப்போதோ ஒன்று அகப்படும் வலம்புரிக்குப் பெருவிலை உண்டு. சுழி திசைமாறிய அச்சங்கு, அச்சுப் பிழைபட்ட நாணயத்தைப் போன்றதே எனலாம். இரண்டுக்கும் விலை தருவது அருமை ஒன்றுதான். இவர் சேகரித்தனுப்பிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டென்டி விவரித்தார். திருக்கை இனமொன்றுக்கு 1908இல் மொபுலா தர்ஸ்டோனி என்று இவர் பெயர் சூட்டப்பட்டது.

தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது.

மனிதர்களை அளத்தல்

1890களின் நடுப்பகுதியிலிருந்து தர்ஸ்டனின் கவனம் மானிடவியல் பக்கம் திரும்பியது. நீலகிரியின் தோடர், கோத்தர், வயநாட்டின் பணியர் முதலானோரின் உயரம், தலை அகலம், மூக்கின் நீள அகலம் ஆகியவற்றை இவர் கருவிகளால் அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வந்த பார்வையாளர்களும் இதற்குத் தப்பவில்லை. காவல்துறையினருக்கும் உடலளவீட்டு முறையைக் கற்பித்தார். மூக்கின் அளவு சாதியின் தகுதியைக் காட்டும் என்ற ஹெர்பர்ட் ரிஸ்லியின் கோட்பாடு அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது.

அளக்கப்பட்டவர்கள் இதை எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பதை இவரே எழுதிவைத்துள்ளார். வயநாட்டில் இவர் சென்றபோது பணியர் பெண்கள் ஓடி ஒளிந்தனர். தம்முள் சிறந்தவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் அஞ்சினர். இதை இவர் ஒரு வேடிக்கையாகவே பதிவு செய்து, அவ்வாறு செய்ய முடிந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று தம் பங்குக்கும் ஒரு நகைச்சுவையைச் சேர்த்தார். பாடம் செய்த புலியும் மானும் நின்ற அதே கட்டடத்திலிருந்து வந்த ஒருவரைப் பற்றி அப்பெண்கள் கொண்ட அச்சத்தில் நகைப்பதற்கு அதிகமில்லை. இரண்டு வராகன்களுக்கிடையே உள்ள வேறுபாடு அச்சில் இருக்கிறது. அதை அளந்தால் அக்கசாலை தெரியும். இரண்டு மனிதர்களின் மூக்கை அளந்து அவர்தம் சாதியின் இடத்தைக் கூற இயலாது. இவருடைய அட்டவணைகளிலேயே ஒரு சாதிக்குள் காணப்படும் வேறுபாடு பெரிதாகவும், சாதிகளின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் காணப்படுகின்றன. இவ்வகை இனக்கோட்பாட்டை அறிவியல் இன்று முற்றாகக் கைவிட்டுவிட்டது.

1901இல் தொடங்கிய இனவியல் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் பொறுப்பு தர்ஸ்டனுக்கு வழங்கப்பட்டது. உதவியாளரான க. ரங்காச்சாரி ஊர் ஊராகச் சென்று செய்தி திரட்டினார். 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளின் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயரும் உள்ளது. ஆயினும் அந்நூல் பொதுவாகத் தர்ஸ்டனின் நூல் என்றே குறிக்கப்படுகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்கள் அதில் அகரவரிசையில் இடம்பெற்றுள்ளன. அளவுகளின் பகுதி பயனற்றுப் போனாலும் தொழில், சடங்கு, வழக்காறு பற்றிய குறிப்புகளுக்காக ஆய்வாளர்கள் அதை இன்றும் புரட்டுகின்றனர். பரதவர் பற்றிய கட்டுரையில் முத்துக்குளிப்பும் சாதித் தலைவரின் உரிமைகளும் இடம்பெற்றுள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இத்தொகுதிகளைத் தமிழில் வெளியிட்டது; மொழிபெயர்த்தவர் க. ரத்னம்.

இக்காலத்தில் அலெக்சாண்டர் ரீ தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்தெடுத்த தாழிப் பொருள்களும் பொற்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

இறுதிக்காலம்

தர்ஸ்டன் 1908இல் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டில் சி.ஐ.இ. பட்டம் வழங்கப்பட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்னும் 1912இல் தென்னிந்தியச் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் பற்றி ஒரு நூலும், 1913இல் சென்னை மாகாணம் பற்றி ஒரு நூலும் எழுதினார். கார்ன்வால் பகுதியின் பென்சான்சு நகரில் குடியேறி, அங்குள்ள தாவரங்களை ஆராயத் தொடங்கினார். கார்ன்வால் தாவரங்கள் பற்றிய பழைய நூலொன்றுக்கு விகர்சு என்பவருடன் சேர்ந்து எழுதிய துணைநூல் 1922இல் வந்தது. அம்மாவட்டத்தில் வளரும் உள்நாட்டு, வெளிநாட்டு மரங்களையும் புதர்களையும் பட்டியலிட்ட நூல் 1930இல், இவருக்கு எழுபத்தைந்து வயதானபோது, வெளியாயிற்று. தர்ஸ்டன் பென்சான்சில் 1935 அக்டோபர் 12 அன்று காலமானார்.